கிணற்று மேட்டில் ஓரியன் நெபுலா

வானத்தில் வாயுவும் தூசியும் திரண்ட மேகமான ஓரியன் நெபுலாவை அப்பாவுக்கு முதன்முதலாகக் காட்டியது எங்கள் கிணற்று மேட்டில்தான். தை மாசம், அமாவாசைக்கு மறுநாள். த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி பத்து மணிக்குத்தான் வரும். மோட்டார் போட அவர் காத்திருந்தார். நான் எட்டு அங்குல டெலஸ்கோப்பைத் தென்னைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன்.

வானத்தின் அந்தப் பக்கம் அவருக்குப் புதிதில்லை. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பார்த்தே ராத்திரியில் மணி சொல்லிவிடுவார். அதற்குத் தெற்கே சின்னச் சரம் மாதிரி தொங்குகிறதே, அதன் நடுவில்தான் நெபுலா.

"ஒண்ணும் தெரியலையேடா."

"நேரா பார்க்காதீங்கப்பா, ஓரக்கண்ணால பாருங்க." மங்கலான வெளிச்சத்தைக் கண்ணின் ஓரம்தான் நன்றாகப் பிடிக்கும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "இலவம்பஞ்சைப் பிச்சு ஊதிவிட்டாப்ல இருக்கு. நடுவுல நாலு புள்ளி."

அந்த நாலு புள்ளிதான் ட்ரபீசியம். அந்த மேகத்திலேயே பிறந்த நட்சத்திரங்கள். நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இவற்றுக்குச் சில லட்சங்கள்தான். அதில் பெரியது வீசும் புற ஊதாக் கதிர்தான் சுற்றியிருக்கும் ஹைட்ரஜனை ஒளிரச் செய்கிறது. பின்னால் இருக்கும் இருட்டு மேகத்தில் பிரசவம் இன்னும் நடக்கிறது. வாயுவும் தூசியும் தம் ஈர்ப்பாலேயே உள்ளே சரிந்து இறுகும். நடுப்பகுதி ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடானால் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்கும். இங்குள்ள இளம் நட்சத்திரங்களைச் சுற்றித் தூசி தட்டு தட்டாகச் சுழல்வதை ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் படம் எடுத்திருக்கிறது. கிரகங்கள் உருவாவது அப்படிப்பட்ட தட்டுகளில்தான்.

போட்டோவில் வரும் ரோஜா நிறம் கண்ணுக்குத் தெரியாது, வெறும் சாம்பல்தான். பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். எனக்கு அந்தச் சாம்பலே போதும். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறை குடைந்த காலத்தில், சுமார் 1,340 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய வெளிச்சம் அது. வழியில் எதிலும் படாமல் வந்து அப்பாவின் கண்ணில் விழுகிறது!

மேலே செக்கச்செவேல் என்றிருந்த திருவாதிரையையும் காட்டினேன். மார்கழியில் களி கிண்டுகிறோமே, அதே நட்சத்திரம். அது ஆயுள் முடியும் கட்டத்தில் இருக்கிறது என்றதும் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட்டு, மடையைத் திருப்பிவிட்டு, ஈரக் காலோடு திரும்பி வந்து மறுபடி கண்ணை வைத்தார்.

"எங்கடா, காணோம்?"

பூமி சுற்றியதில் நெபுலா பார்வையைவிட்டு விலகியிருந்தது. டெலஸ்கோப் குழாயைக் கொஞ்சம் மேற்கே தள்ளிக் கொடுத்தேன்.