செக்ஸ்டார்ஷனுக்கு தமிழ்ல என்ன போடலாம்: 'ஆபாச மிரட்டல்' வேண்டாமே

அண்ணாச்சி, செக்ஸ்டார்ஷனுக்கு, அதாவது ஒருத்தரோட அந்தரங்கப் படத்தையோ பேச்சையோ வெளிய விட்டுருவேன்னு மிரட்டி எதையாவது பறிக்கதுக்கு, தமிழ்ச்சொல்லா நீங்க போட்ட 'ஆபாச மிரட்டல்' எனக்கு ஒப்பல. பேப்பர்ல அப்படித்தான் எழுதுதாவ, சனங்களுக்கு ஒடனே புரியும்னு சொன்னிய, அது சரிதான். ஆனா நாம எழுதப்போறது பேப்பருக்கு இல்ல, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூடத்துல ஒட்டுத நோட்டீசுக்கு. வாசிக்கப்போறது ஒம்பதாங்கிளாஸ், பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க, அதுல ஏதாவது ஒரு பிள்ளை ஏற்கெனவே மாட்டிக்கிட்டு யார்ட்டயும் சொல்ல முடியாம கெடக்கலாம். அந்தப் பிள்ளை 'ஆபாச'ன்னு வாசிச்சா மிரட்டுதவன நினைக்காது, தன் படத்தத்தான் நினைக்கும், ஐயோ நாம பண்ணுனதுதான் தப்புன்னு இன்னும் உள்ள சுருங்கிரும். மிரட்டுதவனுக்கு அதான வேணும்? வெளிய சொல்ல வெக்கப்படும்னு நம்பித்தான அவன் பொழப்பே ஓடுது.

இது நான் மட்டும் சொல்லுதது இல்ல. 2024 செப்டம்பர் 23-ந்தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல (நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துலருந்து போன வழக்குதான்) 'சைல்டு போர்னோகிராஃபி'ங்கற சொல்லையே கோர்ட்டுகள்ல பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டு, குழந்தைய பாலியல் ரீதியா சுரண்டி கொடுமைப்படுத்துனதோட பதிவுங்கற பொருள் வர்ற சொல்லத்தான் எழுதணும்னு சொல்லிச்சு. கோர்ட்டே 'ஆபாசப் படம்'ங்கற பார்வைய விட்டுட்டு வந்துட்டு, நாம திரும்ப அதுக்குள்ள போய் நிக்கணுமா? குழந்தைங்க மேல நடக்க பாலியல் கொடுமைய எந்தச் சொல்லால எழுதணும்னு 2016-ல வந்த லக்சம்பர்க் வழிகாட்டியும் குழந்தைங்க விசயத்துல செக்ஸ்டார்ஷன்ங்கற ஒட்டுச்சொல்ல யோசிச்சு பயன்படுத்துங்கன்னுதான் சொல்லுது.

இன்னொருத்தர் 'மானப்பறிப்பு'ன்னு போட்டிருந்தாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்டிப்பா வேண்டாம். நம்ம ஊர்ல மானம்னா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும், விசயம் தெரிஞ்ச ஒடனே பொம்பளப் பிள்ளைன்னா போனப் புடுங்கி, படிப்ப நிறுத்தி, மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவாவ. ஆம்பளப் பயலுவள இந்தச் சொல்லு கணக்குலயே எடுக்காது. பணம் கேட்டு மிரட்டுத கும்பல்ட்ட ரொம்ப மாட்டுதது 14லருந்து 17 வயசு பயலுவன்னு அமெரிக்க எஃப்பிஐ எச்சரிக்கையிலயே இருக்கு. இன்ஸ்டால பொண்ணு மாதிரி பேசி, வீடியோ கால்ல வரச்சொல்லி, ரெக்கார்டு பண்ணிட்டு, இவன் ஃபாலோயர் லிஸ்ட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து 'இவ்வளவு பேருக்கும் அனுப்பிருவேன்'ம்பான், அந்தப் பய அதுக்குப் பெறகு எதையுமே யோசிக்க மாட்டான்.

'பணப்பறிப்பு'ன்னு போட்டாலும் பத்தாது, ஏன்னா நெறைய நேரம் கேக்கது பணமே இல்ல, இன்னும் படம் அனுப்பு, நேர்ல வா, உன் கூட்டாளி நம்பர் குடும்பான். பணம் கேக்கலன்னா இது குற்றம் இல்லன்னு பிள்ளை நினைச்சிரக் கூடாது. குழந்தைங்கள பாலியல் குற்றத்துலருந்து காக்குத போக்சோ சட்டம் (2012) 11-வது பிரிவுல இதுக்கு தெளிவாவே எழுதியிருக்கு: குழந்தையோட உடம்பு தெரியுத காட்சிய, நெசமோ ஒட்டு வேலையோ, ஏதாவது ஒரு ஊடகத்துல பயன்படுத்துவேன்னு மிரட்டுனாலே அது பாலியல் துன்புறுத்தல், 12-வது பிரிவுப்படி மூணு வருசம் வரைக்கும் செயில். போடணும்னு கூட இல்ல, மிரட்டுனாலே போதும். ஏஐ வச்சு முகத்த ஒட்டுனதும் இதுல வரும். அதனால சொல்லுக்கு நடுவுல 'மிரட்டல்' இருக்கணும், எத வச்சு மிரட்டுதான்ங்கதும் இருக்கணும், பிள்ளைய தொடுத மாதிரி எந்தப் பழியும் இருக்கக் கூடாது. என் யோசனை: 'பட மிரட்டல்'. யம்மாட்ட ஒரு பிள்ளை வாய் தொறந்து சொல்லிர முடியும்.

அண்ணாச்சி எழுதுனது:

தங்கச்சி, ஆபாசத்த தூக்கிருவோம், ஒத்துக்கிட்டேன். ஆனா 'பட மிரட்டல்'னா நம்ம சனம் சினிமாக்காரன மிரட்டுனான்னுல்லா நினைக்கும்? படம்னா இங்கன மொதல்ல சினிமாதான். அதோட செல படம் கூட இருக்காது, பேசுன சாட்ட வச்சே மிரட்டுதான். 'அந்தரங்க மிரட்டல்'னு வையும்.

அண்ணாச்சி, சினிமா விசயம் நீங்க சொன்னது சரி, நான் அத யோசிக்கல்ல. 'அந்தரங்க மிரட்டல்' மட்டும்னா தனியா கூப்பிட்டு ரகசியமா மிரட்டுனான்னு கேக்குது, அது இடிக்கி. 'அந்தரங்கப் பட மிரட்டல்'னு தலைப்புல போடுவோம், நீளந்தான், ஆனா சந்தேகம் வராது. சாட்ட வச்சு மிரட்டுததுக்கும் சேத்து, சட்டம், அகராதி பக்கத்துக்கு 'பாலியல் மிரட்டிப்பறிப்பு'னு பொதுச்சொல்லா வச்சுக்கிடலாம், பறிக்கது பணமாவும் இருக்கலாம் படமாவும் இருக்கலாம்.

நோட்டீசுல தலைப்புக்கு கீழ 'படத்த போட்டுருவேன்னு யாராச்சும் மிரட்டுதாவளா? தப்பு உன் மேல இல்ல'ன்னு பெருசா போடணும். பெறகு பணம் அனுப்பாத, ஒரு தடவ குடுத்தா திரும்பவும் கேப்பான். சாட்ட அழிக்காத, அவன் ஐடி, லிங்க், பணம் கேட்ட யுபிஐ ஐடி, மிரட்டுன மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு பெறகு பிளாக் பண்ணு. அந்தப் படத்த மட்டும் சாட்சின்னு யாருக்கும் ஃபார்வர்டு பண்ணக் கூடாது, இத வாத்தியார்மாருக்கும் சேத்து எழுதணும். குழந்தைங்களுக்கு உதவி எண் 1098, பணம் போயிட்டுன்னா ஒடனே சைபர் மோசடி உதவி எண் 1930, தேசிய சைபர் கிரைம் தளத்துல பேரு சொல்லாமலும் புகார் குடுக்கலாம்.

இந்த மாதிரி படத்த இணையத்துலருந்து எடுக்க உதவுத 'டேக் இட் டவுன்'ங்கற இலவச சேவை பத்தியும் ரெண்டு வரி வேணும். 2023-ல அமெரிக்காவுல காணாமப்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் ஆரம்பிச்சது, 18 வயசுக்குள்ள எடுத்த படம்னா எந்த நாட்டுலருந்தும் பயன்படுத்தலாம். படம் போன விட்டு வெளிய போகாது, அதுக்கு விரல்ரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போகும், அத வச்சு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி சேந்திருக்க தளங்கள் படத்த தேடி எடுக்கும். அந்தக் குறியீட்டுக்கு, அதான் ஹேஷுக்கு, 'படரேகை'ன்னு வைக்கலாமான்னு பாருங்க. 18 தாண்டுனவங்களுக்கு இதே மாதிரி ஸ்டாப் என்சிஐஐ இருக்கு.

அச்சுக்கு குடுக்க முன்ன ஒம்பதாங்கிளாஸ் பிள்ளைங்க நாலஞ்சு பேர்ட்ட தலைப்ப மட்டும் காட்டி, என்ன புரியுதுன்னு கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி. அதுல இடிச்சா சொல்ல மாத்துவோம்.