யசுவாகி இறந்துபோன பக்கத்தோடு மகள் புத்தகத்தை மூடிவிட்டாள், தொடரச் சொல்லலாமா?

மல்லிகைப்பந்தல்:

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு நாவல் கொடுத்துப் பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். என் மகளுக்குப் பதினொன்று நடக்கிறது. படக்கதை, குட்டிக்கதை எல்லாம் போதும், நீளமாக ஒரே கதை வேண்டும் என்று கேட்டாள். மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் எனக்காக வாங்கி வைத்திருந்த 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'யை எடுத்துக் கொடுத்தேன், டோட்டோ-சான் என்கிற ஜப்பானியச் சிறுமியின் பள்ளி நாட்களைச் சொல்கிற புத்தகம். ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை என்று படித்ததும் அவ்வளவுதான், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அந்தப் புத்தகம். மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று அந்தத் தலைமையாசிரியர் சொல்வாரே, அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் டிபன் பாக்ஸைத் திறந்து "இதுல கடல் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் சைவம். உப்பு கடலிலிருந்துதானே வருகிறது என்றேன், ஒத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு மதியம் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் புத்தகம் மடியில் மூடிக் கிடக்கிறது, விரல் மட்டும் உள்ளே இருக்கிறது, கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. டோட்டோ-சானின் நண்பன் யசுவாகி இறந்துபோன அத்தியாயம். "அவன்தான் மரம் ஏறிட்டானேம்மா, அப்புறம் எப்படிச் சாவான்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலமே அலமாரியில் வைத்துவிட்டாள், பெயர் தெரியாதபடி முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி. அதற்குப் பிறகு தொடவில்லை.

என் அத்தை (மாமியார்) ரொம்பக் கோபப்பட்டார். "பச்சப் பிள்ளைக்குப் போய் சாவுக் கதையைக் குடுத்திருக்கியே" என்று. நான் முதலில் முழுதாகப் படித்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டுமா? பாக்கியைப் படி என்று சொல்லலாமா, இல்லை விட்டுவிடலாமா? இந்த வயதுக்கு மரணம் வருகிற நாவல்கள் சரிதானா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

---

கரும்பலகை:

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் நான். இந்தப் புத்தகத்தை மூன்று வருடம் மூன்று வகுப்புகளுக்கு, கடைசிப் பாடவேளையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமாக வாசித்திருக்கிறேன். மூன்று முறையும் அந்த அத்தியாயத்தில் வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. என் தொண்டையும் அடைத்தது, மறைக்கவில்லை. ஒரு தடவை மறுநாள் அடுத்த அத்தியாயத்தை எடுத்தபோது கடைசி வரிசைப் பையன் ஒருவன், பாடத்தில் வாயே திறக்காதவன், "சார், மரம் ஏறுறதை இன்னொரு தடவ வாசிங்க" என்றான். வாசித்தேன். டோட்டோ-சான் தன் மரத்துக்கு யசுவாகியை ரகசியமாகக் கூப்பிட்டு, ஏணியை இழுத்து வந்து போட்டு, அது சரிப்படாமல் இன்னொன்றைக் கொண்டுவந்து, கீழேயிருந்து தள்ளி, மேலேயிருந்து கையைப் பிடித்து இழுத்து, இளம்பிள்ளைவாதம் வந்த அந்தப் பையனைக் கிளைப் பிரிவில் உட்கார வைப்பாளே, அந்த அத்தியாயம். முதல் தடவை வாசித்தபோது பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். இரண்டாவது தடவை ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது, முன்னால் போகச் சொல்லாதீர்கள். பின்னால் போங்கள். மரத்து அத்தியாயத்தை அவளோடு உட்கார்ந்து நீங்கள் வாசியுங்கள். "கதைதானே, எதுக்கு அழுற" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் காரணம், அது கதையே இல்லை. டெட்சுகோ குரோயநாகி தன்னுடைய சின்ன வயதைத்தான் எழுதியிருக்கிறார். நாவல் போல ஓடுகிறது, ஆனால் நடந்தது. அவர் படித்த அந்த ரயில்பெட்டிப் பள்ளி, தோமோயே, டோக்கியோவில் உண்மையிலேயே இருந்தது, 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. புத்தகம் வந்தது 1981இல். கிட்டத்தட்ட 40 வருடம் கழித்தும் அந்தப் பையனை மறக்காமல் எழுதியிருக்கிறார் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அது அவளுக்குத் துணையாக இருக்கும்.

உங்கள் அத்தையைப் பற்றி ஒன்று. கோபம் நியாயம்தான், பேத்தி அழுதால் யாருக்குத்தான் தாங்கும். ஆனால் அவரிடமே கேட்டுப் பாருங்கள், அவருடைய பாட்டி அவருக்கு நல்லதங்காள் கதை சொல்லியிருப்பார். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற கதை. மனுநீதிச் சோழன் கதையில் கன்றும் சாகிறது, இளவரசனும் சாகிறான், பள்ளிக்கூட மேடையில் நாடகமாகவே போடுகிறோம். ஒரு வித்தியாசம் எனக்குத் தோன்றும். மனுநீதிச் சோழனில் நீதி முடிந்ததும் கதையும் முடிந்துவிடும். அந்த இளவரசனோடு விளையாடிய இன்னொரு பையன் மறுநாள் என்ன செய்தான் என்று யாரும் சொல்வதில்லை. டோட்டோ-சான் அதைத்தான் சொல்கிறது.

---

அப்பு_அப்பா:

ஆசிரியர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அப்பா காலமானார். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, தாத்தாவோடுதான் தூங்குவான். அடுத்த மாதமே யாரோ பிறந்தநாளுக்கு 'சார்லட்ஸ் வெப்' ஆங்கிலப் புத்தகம் கொடுத்தார்கள். பன்றிக்குட்டியும் சிலந்தியும் நண்பர்கள், அட்டையைப் பார்த்தால் சந்தோஷமான கதை. நானும் புரட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சிலந்தி கண்காட்சி மைதானத்தில் பக்கத்தில் யாருமே இல்லாமல் தனியாகச் சாகிற இடம் வந்தது. என் அப்பா ஆஸ்பத்திரியில் விடியற்காலை இறந்தபோது பக்கத்தில் நாங்கள் யாரும் இல்லை, டீ குடிக்கக் கீழே போயிருந்தோம். பையனுக்கு அது தெரியும். "தாத்தாவும் இப்படித்தானா?" என்று கேட்டான். நான்கைந்து நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

அதனால் பெற்றவர்கள் முதலில் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மரணமே வரக் கூடாது என்று சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கு, இந்த வீட்டில், இந்த மாதம் எது தாங்கும் என்று பார்க்க வேண்டும். நாற்பது பேர் சேர்ந்து கேட்கிற வகுப்பும், மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளையும் ஒன்றில்லை சார்.

ஆனால் நானும் ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பதறிப்போய் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பீரோ மேலே போட்டுவிட்டேன். அப்புறம் நான் படித்தபோதுதான் தெரிந்தது, சார்லட்டின் முட்டைப் பையைப் பன்றிக்குட்டி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறது, வசந்தத்தில் குஞ்சுகள் பொரிக்கின்றன, எல்லாம் காற்றில் பறந்துபோக மூன்று மட்டும் அதோடேயே தங்கிவிடுகின்றன. என் மகனுக்கு அந்த மூன்று சிலந்திகள் இன்றுவரை தெரியாது. இறந்த பக்கத்தோடு நிறுத்தியது நான்தான். இப்போது கொடுத்தாலும் வேண்டாம் என்கிறான். உங்கள் மகளே திருப்பி வைத்திருக்கிறாள், நீங்கள் எடுத்து ஒளிக்கவில்லை இல்லையா, அது நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

---

நூலகத்து_மூலை:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை வாசிப்பு வட்டம் நடத்துகிறோம், பத்திலிருந்து பதினான்கு வயது வரை. வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் மரணம் வருகிறதா இல்லையா என்பதை விட, இறந்த பிறகு அந்த எழுத்தாளர் எத்தனை பக்கம் நம்மோடு நிற்கிறார் என்பதுதான் முக்கியம். கேத்தரின் பேட்டர்சன் எழுதிய 'பிரிட்ஜ் டு டெரபிதியா' என்று ஒரு அமெரிக்க நாவல், 1977இல் வந்தது. அவருடைய மகனின் நெருங்கிய தோழி, எட்டு வயதுச் சிறுமி, மின்னல் தாக்கி இறந்துபோனாள். மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அந்த அம்மா எழுத ஆரம்பித்தார். அதில் ஜெஸ் என்ற பையன் ஒரு நாள் ஆசிரியையோடு ஊருக்குப் போய்விடுவான், அவனைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக ஓடையைத் தாண்டப்போன தோழி லெஸ்லி கயிறு அறுந்து இறந்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்தப் பையன் நம்ப மறுப்பது, கோபப்படுவது, 'அவளையும் கூப்பிட்டுப் போயிருக்கலாமே' என்று குமைவது எல்லாம் பொறுமையாக வருகிறது. அமெரிக்காவில் சிறார் நூல்களுக்குக் கொடுக்கும் நியூபெரி விருதும் வாங்கியது, பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லி அங்கே புகார்களும் எழுந்தன. உங்கள் அத்தை கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்டிருக்கிறார்கள்.

தமிழில் இரா. நடராசனின் 'ஆயிஷா'வை எல்லாருக்கும் தெரியும். கேள்வி கேட்டதற்காக அடிவாங்குகிற பிள்ளை, வலி தெரியாமலிருக்க மருந்து கண்டுபிடிக்கப் போய்ச் சாகிறாள். ஆசிரியை வாயால் சொல்கிற கதை அது, குற்ற உணர்ச்சி முழுக்கப் பெரியவர்களுடையது. அதனால் எட்டாம் வகுப்புக்குக் கீழே நான் கொடுப்பதில்லை. முதலில் படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்து என்ன கொடுப்பது என்று யோசிப்பீர்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', சிறார் இலக்கியத்துக்கான 2020ஆம் ஆண்டு பால சாகித்ய புரஸ்கார் விருது வாங்கியது. பிள்ளையிடம் தப்பாக நடந்துகொள்ளும் பெரியவர்களைப் பற்றியது, நீங்களும் சேர்ந்து படிப்பது நல்லது. கொஞ்சம் மனம் ஆற வேண்டுமென்றால் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடிக்குக் கூட்டிப்போகும். மதுரைப் பிள்ளை என்றால் ஒரு ஞாயிறு நேரிலேயே போய் வரலாம். ஒரு குறையும் எனக்கு உண்டு. நம் சிறார் நாவல்களில் நிறைய சமயம் சேதி முன்னால் வந்து நின்றுவிடுகிறது. மரம் வெட்டாதே, பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்கிற அவசரத்தில், ஒரு பிள்ளை சும்மா துக்கமாக இருக்க நான்கு பக்கம் ஒதுக்குவதில்லை. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "இதுல கடைசில அட்வைஸ் வருமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் வட்டத்தில் ஒருத்தி புத்தகமே எடுப்பாள்.

---

பதினொன்றாம்_வகுப்பு:

பெரியவங்க பேசுறதுக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதே புத்தகத்தை நான் பதினோரு வயதில் படித்தேன். நானும் அழுதேன். அழுதது கஷ்டமாக இல்லை ஆன்ட்டி. அதற்குப் பிறகு ஒரு பெரியவர், எனக்கு ரொம்பப் பிடித்தவர்தான், "சரி, இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. எனக்குள் இருந்த ஒன்றைப் பிடுங்கி எடுத்தது மாதிரி. நான் ஏதோ நட்பு முக்கியம் என்று சொல்லி வைத்தேன்.

எனக்கு அதில் மறக்காதது மரம் இல்லை. யசுவாகி அவளுக்குப் படிக்க ஒரு புத்தகம் கொடுத்திருப்பான், 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. அவன் இறந்தபோது அது அவளிடமே இருக்கும். மறுபடியும் பார்க்கிற வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அவள் மனசுக்குள்ளே சொல்லிக்கொள்வாள். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத புத்தகம். நான் படித்தது நூலகப் புத்தகம், திருப்பிக் கொடுக்கப் போன நாள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அவளிடம் எதுவும் கேட்காதீங்க ஆன்ட்டி. அவளே பேசினால் கேளுங்க, அது போதும்.

---

மல்லிகைப்பந்தல்:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருவர் எழுதியதையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். அப்பு அப்பா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் மகனிடம் அந்த மூன்று சிலந்திகளைப் பற்றி நீங்களே வாயால் சொல்லலாமே, படிக்கத்தான் வேண்டும் என்று இல்லையே.

நேற்று ராத்திரி கரண்ட் போயிருந்தது. மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தோம், நான், மகள், அத்தை மூன்று பேரும். அத்தையிடம் நல்லதங்காள் கதை தெரியுமா என்று கேட்டேன். ஆரம்பித்தார். கிணறு வந்ததும் தானாகவே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு, "எங்க அப்பத்தா சொல்றப்ப நான் எழுந்து ஓடிருவேன்" என்றார். மகள், "அப்புறம் திரும்பி வருவீங்களா அப்பத்தா?" என்று கேட்டாள். "வருவேன், கடைசிப் பிள்ளை தப்பிச்சிருக்கும்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்" என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கரண்ட் வந்ததும் கீழே வந்து மரத்து அத்தியாயத்தை நான் வாசித்தேன், அத்தையும் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் மகள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, இன்னும் படிக்காத பக்கங்களைக் கட்டை விரலால் அளந்து பார்த்தாள். "ராக்கிக்கு ஏதாவது ஆகுமா? ஆகும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். ராக்கி டோட்டோ-சான் வீட்டு நாய். இந்த வாரம் முழுப் புத்தகத்தையும் படித்து முடித்திருந்தேன், அதனால் மறைக்காமல் சொன்னேன், ராக்கி காணாமல் போகும் என்று. கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்தப் பக்கம் வர்றப்ப நீங்க வாசிங்க, அதுவரைக்கும் நான் படிச்சுக்கிறேன்" என்றாள்.