சோயா மெழுகில் வெள்ளைத் திட்டும் நடுவில் குழியும்: கலப்பட மெழுகா?

வெண்திரி: வணக்கம். சோயா மெழுகில் அடர்நீலச் சாயமும் வாசனை எண்ணெயும் சேர்த்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். ஆறிய பிறகு மேலேயும் கண்ணாடியை ஒட்டியும் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. ஏற்றினால் திரியைச் சுற்றி மட்டும் உருகிக் குழியாகிறது, ஓரத்து மெழுகு அப்படியே நிற்கிறது. வழக்கமான பாரஃபின் மெழுகில் இதே திரி ஒழுங்காக எரிந்தது. பாரஃபின் கலந்த மெழுகைக் கொடுத்துவிட்டார்களோ? அதோடு, எண்ணெய் எப்படிக் கெட்டி மெழுகாகிறது என்பதும் புரியவில்லை.

நிக்கல்: வெளுத்ததை வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. கலப்பில்லாத சோயாவில்தான் அது அதிகம் வரும். ஃப்ராஸ்டிங் என்பார்கள்.

சோயா எண்ணெயில் பாதியளவு லினோலிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கும் இடங்களில் வளைவு விழுகிறது. வளைந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்காக அமையாததால் எண்ணெய் திரவமாகவே நிற்கிறது. சுத்திகரித்த எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியோடு அழுத்தத்தில் ஹைட்ரஜன் செலுத்தினால் பிணைப்புகள் நிரம்பிச் சங்கிலிகள் நேராகும், எண்ணெய் கெட்டிப்படும். பிறகு நிக்கலை வடிகட்டிவிட்டுச் செதில்களாக்குவார்கள். எவ்வளவு ஹைட்ரஜன் ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து உருகுநிலை மாறும். குவளை வகைகள் பெரும்பாலும் 45 முதல் 55 டிகிரி செல்சியஸுக்குள் உருகும்.

ஆக, இது ஒரு கொழுப்பு. கொழுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட படிக வடிவம் எடுக்கும். ஆறும்போது ஒரு வடிவில் உறைந்தது, பிறகு நிலையான வேறொன்றுக்கு மாறும்போது மேலே வெளுக்கும். பழைய சாக்லேட்டில் பூக்கிற வெள்ளையும் இதே ரகம்தான். எரிவதற்கு இடைஞ்சல் இல்லை. அடர்நிறத்தில் கண்ணை உறுத்தும், சாயமில்லாததில் இருப்பதே தெரியாது. குவளையை இளஞ்சூடாக்கி ஊற்றி, காற்றடிக்காத இடத்தில் மெதுவாக ஆற விடுங்கள். குறையும், ஆனால் அடியோடு போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கரிமுனை: குழிக்குக் காரணம் திரி, சகோ. உருகிய சோயா பாரஃபினைவிடப் பிசுபிசுப்பானது, திரியில் மெதுவாகத்தான் ஏறும். அதே குவளைக்கு ஓரிரு அளவு பருமனான திரி வேண்டும். முதல் தடவை ஏற்றும்போது, உருகல் ஓரம் வரை பரவுமுன் அணைக்காதீர்கள். ஏற்கெனவே குழி விழுந்ததற்கு, விளிம்பைச் சுற்றி அலுமினியத் தாளை மடித்து, நடுவில் திறப்பு விட்டு எரியுங்கள். பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாயம் எது? கரையாத நிறத்தூள் என்றால் அதுவே திரியை அடைக்கும்.

வெண்திரி: மெழுகுக்கென்றே விற்கும் கரையும் சாயம்தான். சரி, இவ்வளவு தொல்லை என்றால் சோயா எதற்கு? புகையே வராது என்கிறார்களே?

நிக்கல்: அது விளம்பரப் பேச்சு. திரி பெரிதாக இருந்தால் எந்த மெழுகும் கரி கக்கும். 1990களில் அமெரிக்காவின் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் சோயா மெழுகை உருவாக்கியது, விலை கூடிய தேன்மெழுகுக்கு மாற்றுத் தேடித்தான். பாரஃபின் கச்சா எண்ணெயிலிருந்து வருவது, இது ஆண்டுதோறும் விளைகிற பயிர். சிந்தினால் வெந்நீரும் சோப்பும் போதும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வசதிதான். பயிர் என்பதாலேயே சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன், சோயாவுக்காகவும் பாமாயிலுக்காகவும் காடழிந்த இடங்கள் உண்டு.

கரிமுனை: அடுத்த முறை சாயமும் வாசனையும் இல்லாமல் ஒரே மெழுகில், ஒரே மாதிரிக் குவளைகளில், திரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஓரம் வரை உருகியும் சுடர் துள்ளாமல் எரிகிற திரியை எடுத்துக்கொண்டு, அப்புறம் வாசனையைச் சேருங்கள். வாசனை எண்ணெய் எரிதலை மாற்றும் என்பதால், அதோடு இன்னொரு முறை எரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.