வவுனியாவில் ஆறு மாத விமானத்துறை டிப்ளோமா: முற்பணம் கட்டலாமா?

ஒட்டுசுட்டான் மாமன்

தங்கையின் மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, மூன்று பாடங்களும் சித்தி. பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. வவுனியா நகரில் ஒரு தனியார் நிறுவனம் சனி, ஞாயிறு வகுப்பாக ஆறு மாதத்தில் 'விமானத்துறை டிப்ளோமா' தருகிறதாம். கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபாய். துண்டுப் பிரசுரத்தில் பணிப்பெண் உடையில் ஒரு பிள்ளை, பின்னால் பெரிய விமானம், கீழே 'நூறு வீத வேலை உத்தரவாதம்'. தங்கை சங்கிலியை அடகு வைக்கத் தயாராக நிற்கிறாள். சனிக்கிழமைக்குள் முற்பணம் கேட்கிறார்கள். துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவியான்

அண்ணா, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். நான் விமானப் பராமரிப்பு ஹேங்கரில் வேலை செய்கிறேன்.

விமானி, விமானப் பராமரிப்புப் பொறியியலாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகிய மூவருக்கும் இலங்கையில் உரிமம் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை மட்டுமே. அந்த உரிமத்துக்கான பயிற்சியை நடத்தவும் அதிகாரசபையின் அங்கீகாரம் வேண்டும். ஆகவே அங்கே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் அங்கீகாரக் கடிதம் எங்கே? அவர்கள் வேறு ஏதாவது சட்டகம் போட்ட சான்றிதழைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கனகராயன்குளம் ரீச்சர்

மல்லாவித் தம்பி, நீங்கள் சொன்ன மூன்று உரிமமும் தேவைப்படாத வேலையும் விமானத்துறையில் இருக்கிறதே. பயணிகளைப் பதிவு செய்யும் மேசை, சரக்குப் பிரிவு, டிக்கெட் அலுவலகம், விமானப் பணிப்பெண். இவற்றுக்கு எந்த அதிகாரசபையும் பொறியியலாளர் உரிமம் கேட்பதில்லை. வன்னிப் பிள்ளை ஒருத்தி நேர்முகத் தேர்வில் வாய் திறந்து ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசப் பழகினாலே அந்தப் பணத்துக்குப் பெறுமதி உண்டு. என்னிடம் படித்த ஒரு மாணவி இப்படியான வகுப்பு ஒன்றை முடித்துத்தான் கொழும்பில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் சேர்ந்தாள். இன்றைக்கு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தால் மட்டும் ஏன் எல்லோருக்கும் கணக்கு நினைவுக்கு வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

முறிகண்டியான்

ரீச்சர், அந்தப் பிள்ளை சேர்ந்தது பயண முகவர் அலுவலகத்தில். பிரசுரத்தில் போட்டிருப்பது விமானம்.

மல்லாவியான்

ரீச்சர் கணக்கு என்றதால் கணக்கையே எழுதுகிறேன். எங்கள் துறையில் பல நாடுகள் பின்பற்றுவது ஐரோப்பிய முறை. அதில் பராமரிப்பு உரிமம் ஏ, பி1, பி2, சி என்று போகும். ஏ என்பது சிறு வேலைகளுக்கு: சக்கரம் மாற்றுவது போன்றவை. பி1 எஞ்சினும் உடற்பகுதியும், பி2 மின்னணுவியல். சி கடைசியில், பெரும் பராமரிப்பு முடிந்த விமானத்தை விடுவிக்கும் அதிகாரம். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஏ பிரிவு அடிப்படைப் பயிற்சிக்கே 800 மணித்தியாலம், பி1 டர்பைன் விமானத்துக்கு 2400 மணித்தியாலம். சனி, ஞாயிறு மும்மூன்று மணித்தியாலம் படித்தால் கிழமைக்கு ஆறு. ஏ பிரிவை முடிக்க 133 கிழமை. இரண்டரை வருடத்துக்கும் மேல்! ஆறு மாதத்தில் இவர்கள் கொடுக்கக்கூடியது 156 மணித்தியாலம். இதில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க நேரம் எங்கே? தொடுவதற்கு வவுனியா நகரில் எஞ்சின்தான் எங்கே?

அது முடிந்தாலும் உரிமம் கைக்கு வராது. ஒவ்வொரு பாடத் தொகுதியிலும் 75 வீதம் எடுக்க வேண்டும். அதன்மேல் பறக்கும் விமானங்களில் வேலை செய்த அனுபவம்: அங்கீகாரக் கல்லூரியில் படித்தவருக்கு ஏ பிரிவில் ஒரு வருடம், பி1 இல் இரண்டு. படிக்காமல் நேராக வருபவருக்கு மூன்றும் ஐந்தும்.

விமானப் பணிப்பெண் வேலைக்கும் இவர்களுடைய டிப்ளோமாவை யாரும் கேட்பதில்லை. எமிரேட்ஸ் கேட்பது 21 வயது, 160 செ.மீ. உயரம், நுனிக்காலில் நின்றால் 212 செ.மீ. எட்டும் கை, நல்ல ஆங்கிலம். தெரிவானவர்களுக்குத் தேவையான பயிற்சியை டுபாயில் அவர்களே கொடுக்கிறார்கள்.

கனகராயன்குளம் ரீச்சர்

நல்ல ஆங்கிலம் என்று ஒரு சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த ஆங்கிலம் ஒட்டுசுட்டானில் எந்தக் கடையில் விற்கிறது? போர் முடிந்து இத்தனை வருடமாகியும் ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நிறுவனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. 'நூறு வீத உத்தரவாதம்' பொய் என்று எனக்கும் தெரியும். ஆனால் போகாதே என்று சொல்பவர் எங்கே போவது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சரக்குப் பிரிவில் ஆபத்தான பொருட்களைக் கையாளும் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. லித்தியம் பேட்டரி, வாணவேடிக்கைப் பொருள், அமிலம் போன்றவற்றை எப்படிப் பொதி செய்வது, எதை ஏற்றக்கூடாது என்பது. ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிநூலின்படி நடத்தும் வகுப்பு. உண்மையான பெறுமதி உள்ளது. அது இந்தக் கற்கைநெறியில் இருந்தால்?

மல்லாவியான்

இருந்தால் நல்லதுதான். ஆனால் அது 24 மாதத்தில் காலாவதியாகும், திரும்பவும் பயிற்சி எடுக்க வேண்டும். வேலை கிடைத்த பின் நிறுவனமே அனுப்பும். வேலைக்கு முன்னமே சொந்தப் பணத்தில் எடுத்து வைத்தால் அலுமாரிக்குள் இருந்து நாள் முடிந்துபோகும்.

பரந்தன் கம்மாலை

பலாலியில் வேலை கிடைக்கும் என்று அந்த நிறுவனம் சொல்கிறதா? எங்கள் பக்கத்திலும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பலாலியில் உள்ள யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. இன்றும் வருவது ஏ.டி.ஆர். 72 போன்ற எழுபது பேர் அளவில் ஏறும் விசிறி விமானங்கள். வந்து, பயணிகளை இறக்கி, ஏற்றிக்கொண்டு போய்விடும். அங்கே இருக்கிற கொஞ்ச வேலைக்கு வடக்கில் எத்தனை நிறுவனம் டிப்ளோமா கொடுக்கலாம்?

இரணைமடுவிலும் வவுனியாவிலும் ஓடுபாதை இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இரண்டும் விமானப்படையின் கையில். பொதுமக்களுக்கு அங்கே மேசையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

ரீச்சர் கேட்ட 'எங்கே போவது' என்பதற்கு என் பதில்: கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, அரச நிறுவனம். இயந்திரவியல், மின்னியல் எல்லாம் உண்டு. அரத்தைப் பிடித்து இரும்பை நேராக்கத் தெரிந்த கைக்குப் பிறகு அலுமினியத் தகடு பிடிப்பது கடினமில்லை. மல்லாவியான் சொன்ன அனுபவ வருடமும் குறைய வாய்ப்பிருக்கிறது என்று நினைக்கிறேன். சரியா?

மல்லாவியான்

சரி. அந்த ஐரோப்பிய முறையில் தொடர்புள்ள தொழில்நுட்பப் பயிற்சி முடித்தவருக்கு ஏ பிரிவில் மூன்று வருடம் இரண்டாகும், பி1 இல் ஐந்து மூன்றாகும். ஆனால் அந்தப் பயிற்சியைத் தொடர்புள்ளது என்று உரிமம் கொடுக்கும் அதிகாரசபை ஏற்க வேண்டும். தானாக நடக்காது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

முறிகண்டியான்

பிள்ளையிடம் யாராவது கேட்டீர்களா? மாமன், அம்மா, ரீச்சர், மெக்கானிக் எல்லோரும் பேசியாகிவிட்டது.

ஒட்டுசுட்டான் மருமகள்

மாமாவின் கைபேசியில் இந்த விவாதத்தைப் பார்த்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்து எழுதுகிறேன். பணிப்பெண் வேலையில் எனக்கு விருப்பமே இல்லை. அந்தப் பிரசுரத்தில் கடைசி வரியாக 'விமானப் பொறியியல் அறிமுகம்' என்று இருந்தது. அதற்காகத்தான் கேட்டேன். உயர்தரப் பௌதிகவியலில் எனக்கு பி சித்தி. மல்லாவி அண்ணாவிடம் இரண்டு கேள்வி. ஹேங்கரில் பெண்களை எடுக்கிறார்களா? பாடங்களை ஆங்கிலத்தில் எழுதித் தாண்ட முடியுமா, நான் தமிழ் மொழிமூலம் படித்தவள்.

மல்லாவியான்

தங்கச்சி, என் ஹேங்கரில் பெண்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு. எஞ்சின் உள்பக்கத்தைக் கமெராக் குழாய் விட்டுப் பார்க்கும் வேலையில் எங்களில் கைதேர்ந்தவர் ஒரு அக்காதான்.

ஆங்கிலம் பற்றி: தேர்வு பெரும்பாலும் சரியான விடையைத் தெரிவு செய்யும் முறை. முதல் இரண்டு தொகுதி கணிதமும் பௌதிகமும். உயர்தரத்தில் படித்ததில் பெரும்பகுதி அங்கே திரும்ப வரும், சொற்கள்தான் ஆங்கிலம். அதற்கு ஆறு மாதம் சிரமப்பட்டால் போதும். உண்மையில் கடினமானது பராமரிப்பு நடைமுறை, மனிதக் காரணிகள், சட்டம் ஆகிய தொகுதிகள். அங்கே வாசித்து விளங்க வேண்டும். விமானப் பராமரிப்புக்கான ஒவ்வொரு ஆவணமும் ஆங்கிலத்தில்தான் வரும், ஒரு வரி பிழையாக வாசித்தால் போல்ட் பிழையான இறுக்கத்தில் போகும். அதனால் ஆங்கிலம் அலங்காரத்துக்கு இல்லை, ரீச்சர் அதில் சரி.

கனகராயன்குளம் ரீச்சர்

நன்றி, ஒரு வரியாவது கிடைத்தது. மகள், சனி ஞாயிறு என்னிடம் வா, ஆங்கிலத்துக்குக் காசு வேண்டாம். ஆனால் தம்பி, அங்கீகாரம் பெற்ற கல்லூரி கொழும்புப் பக்கம்தான் இருக்கிறது. அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் இந்த ஒன்றரை இலட்சம் எங்கே நிற்கும்? மலிவான பொய்க்கும் விலையுயர்ந்த உண்மைக்கும் நடுவில் இந்தத் தாய் என்ன செய்வாள்? அதற்கு உங்கள் கணக்கில் விடை இல்லை.

மல்லாவியான்

இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நான் வந்தபோது சித்தப்பா வீடு கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருந்தது. அது இல்லாதவருக்கு நான் சொல்லும் வழி இரண்டு மடங்கு தூரம். அதனால்தான் அறிவியல் நகரை முதலில் முடிக்கச் சொல்கிறேன், வீட்டிலிருந்தே போய் வரலாம்.

முறிகண்டியான்

ஒட்டுசுட்டானிலிருந்து அறிவியல் நகருக்குப் 'போய் வரலாம்' என்பவர் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை.

மட்டுறுத்துநர்

நிறுவனத்தின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ யாரும் இங்கே போடாதீர்கள். இருவர் போட்டதை நீக்கிவிட்டேன்.

ஒட்டுசுட்டான் மாமன்

இன்று நேரில் போனேன். அங்கீகாரக் கடிதம் கேட்டேன். முதலில் கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையுடையது வேண்டும் என்றேன். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறது என்றார்கள். அது நிறுவனத்தின் பதிவு, இந்தக் கற்கைநெறிக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைத் தரச்சான்று உண்டா என்றேன். முகாமையாளர் வெளியில் போயிருக்கிறாராம். வரும்போது இன்னொரு பிரசுரம் தந்தார்கள், அதில் கட்டணம் ஒன்றேகால் இலட்சமாக இருக்கிறது. முற்பணம் கட்டவில்லை. ரீச்சர், சனிக்கிழமை எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?