வெண்பன்றிக் கறியில் மசாலா ஏன் ஏறவில்லை? வீட்டில் சுவையாகச் சமைக்க வழி சொல்லுங்கள்

திருப்பூர் அடுக்களை:

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்த வீட்டில் பன்றிக்கறி சமைக்கும் வழக்கமே இருந்ததில்லை. திருமணத்திற்குப் பின் பெருந்துறைப் பக்கத்து உறவினர் வீடுகளில் விருந்துக்குப் போய்ச் சாப்பிட்டுப் பழகி, அது மிகவும் பிடித்துப்போனதால் நானே சமைக்க ஆசைப்பட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை 'வெண்பன்றி இறைச்சி' என்று பலகை வைத்திருந்த கடையில் ஒரு கிலோ வாங்கி வந்து, ஆட்டுக்கறிக் குழம்புக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, அரைத்த மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, குக்கரில் ஆறு விசில் விட்டேன்.

மூடியைத் திறந்தபோது மேலே ஒரு விரற்கடை உயரத்திற்கு மஞ்சளாகக் கொழுப்பு மிதந்தது. தனிக்கறித் துண்டுகள் நார்நாராகப் பிரிந்து வறண்டிருந்தன. தோலோடு இருந்த துண்டுகள் பல்லில் ரப்பரைப் போல இழுத்தன. குழம்பை மட்டும் தொட்டு நக்கினால் நன்றாகவே இருந்தது. கறியை மட்டும் கடித்தால் உப்புக்கூட ஏறவில்லை. எந்தப் பகுதியை வாங்க வேண்டும், அந்தக் கொழுப்பை என்ன செய்ய வேண்டும், மசாலா கறிக்குள் ஏறுவதற்கு என்ன வழி என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல்கரை:

வணக்கம் சகோதரி. உங்கள் மசாலாவில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆட்டுக்கறியைப் போலவே இதையும் நடத்தியதுதான் சிக்கல். பன்றிக்கறியில் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் தனி அடுக்காக இருக்கிறது. தண்ணீர் நிறைய ஊற்றி வேகவைத்தால் அந்தக் கொழுப்பு உருகி மேலே வந்துவிடுகிறது. மிளகாய், மல்லி, மிளகு ஆகியவற்றின் மணம் பெரும்பாலும் கொழுப்பில் கரையக்கூடியது என்பதால், மசாலாவின் உயிர் அந்த மிதக்கும் எண்ணெயோடு போய்விடுகிறது. நீங்கள் அதைக் கரண்டியால் எடுத்துக் கொட்டியிருந்தால், மணத்தில் பாதியைக் கொட்டிவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

கடையில் தோள்பட்டைக் கறியாகக் கேளுங்கள். அதோடு வயிற்றுப் பகுதியில் கால் பங்கு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். முதுகுப் பகுதித் தனிக்கறி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் கொழுப்பும் சவ்வும் குறைவாக இருப்பதால் நீண்ட நேரம் வெந்தால் சக்கையாகிவிடும். தோள்பட்டையில் சவ்வு அதிகம். அது மெல்லிய சூட்டில் ஒன்றரை மணி நேரம் கிடந்தால் இளகிப் பசையாகி, துண்டுகளை உள்ளிருந்தே ஈரமாக வைத்துக்கொள்ளும். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போய்விடுவதால், தனிக்கறியில் இருக்கும் சாறு முழுவதும் பிழியப்பட்டு வெளியே வந்துவிடுகிறது. அவசரமான நாட்களில் நானும் குக்கர் வைப்பதுண்டு. ஆனால் இந்தக் கறிக்கு அடிகனமான இரும்புச் சட்டியையே விரும்புகிறேன்.

உப்பு ஏறவில்லை என்றீர்களே, அதற்கு வழி எளிது. முதல்நாள் இரவே ஒரு கிலோவுக்கு 15 கிராம், அதாவது தலைதட்டிய மூன்று தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, தூளுப்பை மஞ்சள்தூளோடு பிசறி, மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மசாலாத் தூள்கள் ஓர் இரவில் கறிக்குள் ஆழமாகப் போவதில்லை, மேலேதான் நிற்கும். உப்பு மட்டும்தான் உள்ளே போகும். இதை நான் பல வருடங்களுக்குப் பிறகே புரிந்துகொண்டேன். மசாலாவை எவ்வளவு கூட்டினாலும் கறி சப்பென்று இருந்ததற்குக் காரணம் உப்பைக் கடைசியில் போட்டதுதான்.

மறுநாள் சட்டியில் எண்ணெயே ஊற்றாமல், கொழுப்புள்ள துண்டுகளைத் தோல் கீழே படும்படி வரிசையாக அடுக்கிச் சிறு தீயில் வையுங்கள். முதலில் ஈரம் சிடுசிடுக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்தச் சத்தம் அடங்கி, உருகிய கொழுப்பு தெளிந்த நெய்யாக ஊறத் தொடங்கும். தோல் பொன்னிறமாகிச் சட்டியை விட்டுத் தானாகக் கழன்று வரும்போது திருப்புங்கள். அந்த நெய்யிலேயே இருபது சின்ன வெங்காயம், விதை உதிர்த்துக் கிள்ளிப்போட்ட பத்து வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு ஆகியவற்றை வதக்கி, மீதிக் கறியையும் போட்டுப் புரட்டி, அரை டம்ளர் தண்ணீர் மட்டும் தெளித்து மூடிவிடுங்கள். வேண்டும்போது கைத் தண்ணீர் தெளித்தால் போதும். கறி வெந்ததும் மூடியைத் திறந்து, மெல்லிய தேங்காய்ச் சில்லுகளைப் போட்டு, நெய் பிரிந்து மறுபடியும் கறியின்மேலேயே பூசிக்கொள்ளும் வரை வறுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிபாளையம் கோழியின் முறைதான் இது. பன்றிக்கறிக்கு அதைவிடப் பொருத்தமாக அமைகிறது. இதில் மல்லித்தூளோ கரம் மசாலாவோ தேவையே இல்லை.

காப்பித் தோட்டம்:

நொய்யல்கரை ஐயா சொன்ன உப்பும் கொழுப்பும் முற்றிலும் சரி. அதோடு புளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கொழுத்த கறிக்குப் புளிப்பு இல்லாவிட்டால் நான்கு துண்டுக்கு மேல் திகட்டிவிடும். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் குடகில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறது. இங்கே கொடவர் வீடுகளில் கைல்போது, புத்தரி போன்ற திருநாட்களில் பந்திக்கறி, அதாவது பன்றிக்கறிக் குழம்பு, இல்லாமல் இருக்காது. அதன் உயிர் கச்சம்புளி என்று சொல்லப்படும் கறுத்த, கெட்டியான புளிச்சாறு. குடம்புளி இனப் பழங்களை நன்றாகக் கனியவிட்டு, அவற்றிலிருந்து வடியும் சாற்றைச் சேர்த்து, கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சி அதை எடுக்கிறார்கள். ஒரு சிறு புட்டி பல மாதங்களுக்கு வரும்.

ஒரு கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு மேசைக்கரண்டி மிளகு, இரண்டு தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம் என்று எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். நாம் சாம்பார்ப் பொடிக்கு வறுக்கும் பதத்தில் நிறுத்திவிடக் கூடாது. மல்லி காப்பிக்கொட்டையின் நிறத்திற்கு வந்து, லேசாகப் புகை எழும் அந்த நொடியில் இறக்கித் தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அடுத்த நொடியில் கசந்துவிடும். வெந்தயத்தை மட்டும் சிவந்த உடனே எடுத்துவிடுங்கள். குழம்பின் கறுப்பு நிறம் இந்த வறுவலிலிருந்தும் கச்சம்புளியிலிருந்தும் வருகிறது.

கறியை வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்த விழுதோடு அதன் சொந்தக் கொழுப்பிலேயே வதக்கி, கறி மட்டத்திற்கும் கீழாகவே தண்ணீர் விட்டு, மூடிச் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவைக்கிறோம். முக்கால் பதம் வெந்தபிறகே வறுத்த பொடியைச் சேர்க்கிறோம். கச்சம்புளியை அடுப்பை அணைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒன்றரை மேசைக்கரண்டி ஊற்றினால் போதும். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் அதன் பழவாசனை போய் வெறும் புளிப்பு மட்டுமே மிஞ்சும் என்பது என் அனுபவம். கச்சம்புளி கிடைக்காதவர்கள் நான்கு சுளைக் குடம்புளியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து ஊற்றலாம். நிறம் அவ்வளவு வராது, சுவை நன்றாகவே இருக்கும். நம் வழக்கமான புளியை ஊற்றினால் புளிக்குழம்பின் வாடை வந்துவிடுவதால் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நீர்கொழும்புக்காரி:

காப்பித் தோட்டம் அக்கா எழுதியதை ஆவலோடு வாசித்தேன். எங்கள் கறுப்புப் பன்றிக்கறியும் உங்கள் பந்திக்கறியும் அக்கா தங்கை போலவே இருக்கின்றன. ஆனால் புளிப்பை எப்போது சேர்ப்பது என்பதில் எங்கள் வழக்கம் நேர் எதிரானது. நாங்கள் கொறுக்காயை முதலிலேயே போட்டுவிடுவோம். அது உங்கள் குடம்புளியைப் போலவே காய்ந்து கறுத்த சுளை. சுண்டக் காய்ச்சிய சாறு அல்ல என்பதால், புளிப்பு இறங்குவதற்கே நெடுநேரம் எடுக்கும். ஊறவைத்து அம்மியில் உப்போடும் மிளகோடும் சேர்த்து அரைத்து, அந்த விழுதை இறைச்சியில் பூசி அரை மணித்தியாலம் வைத்தபிறகே அடுப்பில் ஏற்றுவோம். ஆகவே சாறாக இருந்தால் கடைசியில், சுளையாக இருந்தால் முதலில் என்று வைத்துக்கொள்வது பொருத்தம் என நினைக்கிறேன்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊரில் நத்தார் (கிறிஸ்துமஸ்) அன்று இந்தக் கறி வேகாத வீடு அரிது. இறைச்சி, நன்றாகக் கறுக்க வறுத்து இடித்த கறித்தூள், மிளகுத்தூள், உள்ளி (பூண்டு), இஞ்சி, கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு, கறிவேப்பிலை, ரம்பை இலை, ஒரு துண்டு நசுக்கிய எலுமிச்சம்புல் எல்லாவற்றையும் மண்சட்டியில் ஒன்றாகப் பிரட்டி, ஒரு கோப்பைத் தண்ணீர் விட்டு மூடிவிடுவோம். தேங்காய்ப்பால் விடுவதில்லை; இறைச்சியின் கொழுப்பே போதும். தண்ணீர் வற்றி நெய் கக்கத் தொடங்கியதும் மூடியை எடுத்துவிட்டு, அந்த நெய்யிலேயே பிரட்டிப் பிரட்டி எடுத்தால் மசாலா கறுத்துத் துண்டுகளில் பூச்சாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த நாள் சூடாக்கிப் பாணோடு (ரொட்டியோடு) சாப்பிடும்போது சுவை இரட்டிப்பாக இருக்கும். அம்மா நத்தாருக்கு முதல் நாளே சமைத்து வைப்பது அதற்காகத்தான்.

கோவா வழியில் சமைக்கிறவர்களும் முதலிலேயே புளிப்புச் சேர்ப்பவர்கள்தாம். விண்டாலு என்ற பெயரே போர்த்துக்கீசர் கொண்டுவந்த, திராட்சை மதுவிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் முறையிலிருந்து வந்தது. மதுவுக்குப் பதிலாக அங்கே கள்ளுக் காடி (வினிகர்) சேர்ந்தது. அதில் உருளைக்கிழங்கு போடுவது பிறகு வந்த பழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை.

திருப்பூர் அடுக்களை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நொய்யல்கரை ஐயா சொன்னபடி இந்த வாரம் உப்பிட்டு வைத்துச் சட்டியில் வறுத்தேன். தோல் உண்மையாகவே தானாகக் கழன்று வந்தது. தேங்காய்ச் சில்லுகள்கூடக் கறியின் சுவையை வாங்கிக்கொண்டு, குழந்தைகள் அவற்றைத்தான் முதலில் பொறுக்கித் தின்றார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முதல் முறை வாங்கியபோது சூடு ஏறஏற ஒருவிதமான மூத்திர வாடை வந்தது. இந்த முறை வேறு கடை, வாடையே இல்லை. மஞ்சள் நீரில் கழுவியது போதவில்லையா? மேலும், பன்றிக்கறி சாப்பிட்டால் மூளைக்குப் புழு போய்விடும் என்று மாமியார் மிகவும் அஞ்சுகிறார். எத்தனை நேரம் வேகவைத்தால் பயமில்லை?

நொய்யல்கரை:

அந்த வாடைக்கும் கழுவுவதற்கும் தொடர்பில்லை. காயடிக்காமல் வளர்ந்த கடாப்பன்றியின் கொழுப்பில் பருவம் வந்தபின் சில பொருட்கள் சேர்ந்துவிடுகின்றன. சூடு பட்டதும் அவை ஆவியாகி மூக்கில் ஏறுகின்றன. சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்குத் தாங்க முடியாது. மசாலாவால் அதை முழுவதும் மறைப்பது கடினம். குட்டியிலேயே காயடித்த கடாவா, பெட்டையா என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். ஒழுங்காகப் பண்ணை வைத்திருப்பவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

மாமியாரின் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை, ஆனால் வழி கொஞ்சம் வேறு. வேகாத பன்றிக்கறியில் இருக்கும் நாடாப்புழுவின் இளம்பருவம் நம் குடலில் புழுவாக வளரும். மூளைக்குப் போகும் கட்டிகள், குடலில் அந்தப் புழு உள்ள மனிதரின் மலம் வழியாக வெளிவரும் முட்டைகள், கழுவாத கை, காய்கறி, தண்ணீர் மூலம் வயிற்றுக்குள் போவதால் வருகின்றன. ஆகவே கறியை நன்றாக வேகவைப்பதும், கை கழுவுவதும், பச்சைக் காய்களை நன்றாகக் கழுவுவதும் ஒன்றுபோல முக்கியம். முழுத் துண்டுகளுக்கு உள்சூடு 63 டிகிரி வந்து மூன்று நிமிடம் நின்றால் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011 முதல் சொல்லி வருகிறது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி. ஒரு மணி நேரத்திற்கு மேல் கொதித்து வெந்த நம் வறுவலும் குழம்பும் அந்த அளவைத் தாண்டிப் போனவை. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

காப்பித் தோட்டம்:

அடுத்த முறை பந்திக்கறி வைத்தால் சோற்றோடு மட்டும் நிறுத்திவிடாமல் கடம்புட்டு செய்து பாருங்கள். ஒரு கோப்பை அரிசி ரவைக்கு இரண்டு கோப்பை தண்ணீரை உப்போடும் ஒரு கரண்டி நெய்யோடும் கொதிக்கவைத்து, ரவையைத் தூவிக் கிளறி மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து, கால் மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். கொழுக்கட்டையைவிட இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். தளர்ந்தால் குழம்பில் தொட்டதும் கரைந்துவிடும். கறியைக் காலையிலேயே சமைத்து, மாலையில் சூடாக்கும்போது மேலே உறைந்திருக்கும் நெய்யில் பாதியை மட்டும் வழித்துத் தனிப் புட்டியில் வையுங்கள். மறுநாள் முட்டைப் பொரியலுக்கு அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது.