நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் விசுவாசத்தால் போகுமா?

செந்தூல் எஸ்தர் (தொடக்கப் பதிவு)

போன மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபையில் காலை ஆராதனை, பிறகு சபை மண்டபத்தில் 120 பேருக்கு வாழையிலைச் சாப்பாடு. அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் நடந்த கல்யாணங்கள் எல்லாம் 80 மேசை, மேசைக்குப் பத்துப் பேர், மேடையில் பெரிய திரை. 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் மூன்றாம் கணக்கு வந்ததிலிருந்து, நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்பதால், சொந்தத்தில் இரண்டு விருந்துக்கு அந்தப் பணம் போயிருக்கிறது. அப்பாவும் எடுத்துத் தருகிறேன் என்றார், மீதிக்குக் கடன் வாங்கலாம் என்றார். நானும் என் கணவரும் வேண்டாம் என்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு காதில் விழுந்தவை: "பொண்ணுக்கு என்னமோ அவசரம் போல." "மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சாம்." அம்மா மூன்று வாரமாக யார் வீட்டுக்கும் போகவில்லை.

நான் சொல்ல வந்தது இதற்குப் பின்னால் இருக்கும் கதை. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த நாள் எனக்கு 8 ஏ. பெரியப்பா மகளுக்கு 9. வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஒன்னு எதுல போச்சு?" அதற்குப் பிறகு பத்து வருடம் அந்த ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்தச் சேலை, எந்தப் படத்தைப் போட்டால் யார் பார்ப்பார்கள், எல்லாவற்றிலும். "மத்தவங்களைக் கண்டுக்காதே" என்று சொல்லாதவர்கள் இல்லை. சொல்லிச் சொல்லி அது போனதே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, உபவாச நாளில், மத்தேயு மூன்றாம் அதிகாரம் வாசித்தேன். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம். எத்தனை முறை கேட்ட வசனம்! அன்றுதான் ஒன்று உறைத்தது. அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் தொடவில்லை. ஏறக்குறைய 30 வயது, நாசரேத்தில் தச்சு வேலை. பிதாவின் பிரியம் முதலில் வந்தது, ஊழியம் பிறகு. எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ். முதலில் முடிவைக் காட்டு, பிறகு பார்க்கலாம்.

"நான் இன்னும் மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்லவே" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். என் வாதம் இதுதான்: இந்த ஏக்கத்தை மன உறுதியால் விரட்ட முடியாது. அதைவிடப் பெரிய ஒரு பிரியம் உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் அது எழுந்து போகும். ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் தம்பி

அக்கா, கல்யாண விஷயத்துல நீங்க செஞ்சது சரி. ஆனா வாதத்தை ஏத்துக்க முடியல.

நான் ஏழு வருஷம் ஒரு சபையில கீபோர்ட் வாசிச்சேன். இதே பாடம், இதே வசனம், மனப்பாடம். கேள்வி என்னன்னா, தேவன் நம்ம மேல பிரியமா இருக்காருன்னு நமக்கு எப்படித் தெரியும்? யோர்தான்ல கேட்ட சத்தம் நமக்குக் கேக்குறதில்ல. போதகர் தலையாட்டுவாரு, கூட்டம் "ஆமென்" சொல்லும், "தம்பி நல்லா அபிஷேகமா வாசிக்கிறாப்ல"ன்னு ஒரு ஆன்ட்டி சொல்வாங்க. அதைத்தான் தேவனோட சத்தம்னு நெனச்சுக்கிட்டேன்.

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை கெடைச்சது. 12 மணி நேர ஷிஃப்ட், ஞாயிறும் வரும். ரெண்டு மாசம் போக முடியல. "சாப்பிட்டியா, தூங்குறியா"ன்னு ஒருத்தரும் கேக்கல. "ஆவிக்குரிய ஜீவியம் எப்படி இருக்கு?"ன்னுதான் கேட்டாங்க. மூணாவது மாசம் எனக்குப் பதிலா வேற பையன்.

பழைய நாலு பேரை எறக்கிட்டு புது நாலு பேரை ஏத்திக்கிறோம். ஏக்கம் அப்படியே இருக்கு, எடம்தான் மாறுது. இப்ப நான் எந்தச் சபைக்கும் போறதில்ல. உண்மையைச் சொன்னா, அப்புறம்தான் மூச்சு விட முடிஞ்சது.

தமிழ்நெறி

நான் கிறிஸ்தவன் அல்லன். இருந்தாலும் எழுதத் தோன்றுகிறது.

பிறர் மதிப்பை நோய் போலப் பேசுகிறீர்கள். "உலகத்தோடு ஒட்ட ஒழுகல் பலகற்றும் கல்லார் அறிவிலா தார்" என்கிறார் வள்ளுவர். நாணுடைமைக்கு ஒரு தனி அதிகாரமே வைத்திருக்கிறார். தனக்கு வரும் பழியோடு பிறருக்கு வரும் பழிக்கும் வெட்கப்படுகிறவர்களையே நாணத்தின் உறைவிடம் என்று உலகம் சொல்லும் என்கிறார். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் ஒழிந்த மனிதன் எதையும் செய்வான். இறைவன் என் பக்கம் என்று சொல்லிக்கொண்டு ஊரை மிதித்தவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. அந்த வழியைத்தான் நீங்கள் திறந்துவிடுகிறீர்களோ என்று அஞ்சுகிறேன்.

செந்தூல் எஸ்தர்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு நடந்தது தப்பு. அதற்கு விளக்கம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒன்று. நான் காட்டிய அந்தக் கடிதத்திலேயே அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொள்கிறார். விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து என்றே எழுதியிருக்கிறது. பர்னபாவும் அந்தப் பக்கம் இழுபட்டார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே எதிர்த்து நின்றார். இதெல்லாம் சபைக்குள்ளே, சாப்பாட்டுப் பந்தியிலே நடந்தது. சபையில் இந்த நோய் இல்லை என்று வேதம் சொல்லவே இல்லை. சபைக்குள்தான் அது முற்றும் என்று சொல்கிறது.

எது யாருடைய பிரியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான். இரண்டு மாதம் வராவிட்டால் போய்விடுகிறது என்றால் அது அவருடையது இல்லை. இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் மகன் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." வீட்டு வாசலில் அந்த வரியை அவன் சொல்வதே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். தகுதியைப் பேரம் பேச அவனுக்கு நேரமே கொடுக்கவில்லை.

பட்டர்வொர்த் தம்பி

அப்ப பேதுருவுக்கே போகலன்னு நீங்களே சொல்றீங்க. மூணு வருஷம் கூடவே நடந்தவரு, பெந்தெகொஸ்தே நாள்ல எழுந்து நின்னு பேசுனவரு. "பெரிய பிரியம் வந்தா ஏக்கம் எழுந்து போயிடும்"ங்கிற உங்க மொதல் பதிவு என்னாச்சு?

செந்தூல் எஸ்தர்

எழுந்து போகும், திரும்பவும் வந்து உட்காரும். முதலில் அதை எழுதாமல் விட்டது என் தப்புதான். தினமும் எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்தப் பதிவைப் போட்டுவிட்டு எத்தனை பேர் படித்தார்கள் என்று மூன்று தடவை பார்த்தேன்.

புக்கிட் மெர்தாஜாம் ராயன்

எஸ்தர் மா, நான் கத்தோலிக்கன், வயசு 67. கெடாவுல ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துல, தொழிலாளர் வீட்டு வரிசையில, பொறந்தவன். நீ சொல்ற "நாலு பேரை"ப் பத்தி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கு. கோவிச்சுக்காதே.

எங்கப்பா செத்தப்ப எனக்கு 11 வயசு. வீட்டுல பெட்டி வாங்கக் காசு இல்ல. அந்த நாலு பேருதான் தூக்குனாங்க. சொல்லுக்காகச் சொல்லல, நெசமாவே நாலு பேரு. ஒருத்தர் ரப்பர் பால் எடைபோட்டுக் கணக்கு எழுதுற கிராணி, மூணு பேரு மரம் சீவிப் பால் எடுக்குற வெட்டுக்காரங்க, அதுல ரெண்டு பேரு மாரியம்மன் கோயில்காரங்க. அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்சாங்க. யாரு 2 வெள்ளி (ரிங்கிட்), யாரு அஞ்சு வெள்ளி, யாரு அரிசி. அந்த நோட்டு எங்க வீட்டுல வேதாகமத்துக்குக் கீழதான் இருக்கும். அதுல இருக்குற வீட்டுல கல்யாணம்னா அம்மா கைமாத்து வாங்கியாவது போவாங்க. போகலன்னா பேரு போயிடும். பேரு போனா அடுத்த சாவுக்கு யாரு வருவா?

அப்புறம் தோட்டத்தை வித்தாங்க. ரப்பர் போயி தாமானா, வீடமைப்புப் பகுதியா ஆச்சு. ஆளுக்கு ஒரு பக்கம், பிறை, கூலிம், கோலாலம்பூர். வீடு வரல, மாடு வரல, கோயில்கூட வரல. கூட வந்தது அந்தப் பேரு ஒன்னுதான். ஜூலை 26 புனித அன்னாள் திருநாளுக்கு இங்க மெழுகுவத்தி புடிக்க வர்ற கூட்டத்துல பழைய தோட்டத்து முகம் ஒன்னு பார்த்தா, "இன்னார் மகன்தானே நீ"ன்னு கேப்பாங்க. அதைக் கேக்கத்தான் நான் வருஷா வருஷம் வாசல்ல நிக்கிறேன்னு சொன்னாலும் பொய்யில்ல.

உங்கம்மா 80 மேசை கேட்டது பெருமைக்கா, கடன் தீர்க்கவா? முப்பது வருஷம் அவங்க வீட்டு விசேஷத்துல சாப்பிட்டவங்க உங்கம்மா. கடன் வாங்கி விருந்து வைக்கணும்னு நான் சொல்லல, அது முட்டாள்தனம். ஆனா அந்த 120 பேரை யாரு எழுதுனது? உங்கம்மாகிட்ட கேட்டியா?

சீக்கியக் குடும்பத்துல பொறந்து கிறிஸ்தவரான சாது சுந்தர் சிங்கை நம்ம எல்லாருக்கும் தெரியும். 1905ல, பதினாறாவது பொறந்த நாள்ல, சிம்லாவுல ஞானஸ்நானம் எடுத்தாரு. விசுவாசத்துக்கு வந்ததுக்காக வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க. அவரு 1918ல இந்தப் பினாங்குக்கும் வந்திருக்காரு. தகப்பன் ஒப்புதல் இல்லாம வாழ்ந்து காட்டுனாருன்னு பிரசங்கத்துல சொல்வாங்க. பாதிக் கதையோட நிறுத்திடுவாங்க. அவரு தகப்பனை விட்டுடல. பின்னாடி அந்தத் தகப்பனே விசுவாசத்துக்கு வந்து, மகன் 1920ல இங்கிலாந்து போறதுக்குக் கப்பல் காசும் கொடுத்தாரு. ஒப்புதல் வேணாம்னு போனவரு உறவை வேணாம்னு சொல்லல.

தமிழ்நெறி

ஐயா எழுதியதைத்தான் நான் சொல்ல முயன்றேன். எனக்கு அந்த நோட்டு இல்லாமல் போயிற்று.

பட்டர்வொர்த் தம்பி

அங்கிள், அந்த நோட்டுல உங்கம்மா பேரு போயிடுமோன்னு எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்பாங்க? கைமாத்து வாங்கி மொய் வைக்கிறது அன்பா, பயமா? எங்கம்மாவும் அப்படித்தான் இருந்தாங்க. நகையை அடகு வச்சு சித்தி மகன் கல்யாணத்துக்குப் போனாங்க. அந்த நகை திரும்ப வரவே இல்ல.

புக்கிட் மெர்தாஜாம் ராயன்

ரெண்டும்தான் தம்பி. பயமும் இருந்துச்சு. அதை மறைக்க மாட்டேன்.

செந்தூல் எஸ்தர் (நான்கு நாள் கழித்து)

ராயன் அங்கிள், உடனே பதில் எழுத முடியவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியோடு அம்மாவிடம் போனேன். எங்கள் வீட்டிலும் நோட்டு இருக்கிறது. எனக்குத் தெரியாது. பீரோவில், என் பிறப்புப் பத்திரத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் பட்டியலை எழுதியது நானும் கணவரும். சபை நண்பர்கள், வேலையிடத்து நண்பர்கள், நெருங்கிய சொந்தம். நோட்டில் இருக்கிற வீடுகளில் நாங்கள் கூப்பிடாதவை 43. அதில் ஒன்று, நான் பிறந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்த நாட்களில் வீட்டுக்கு வந்து என்னைக் குளிப்பாட்டிய பாட்டியுடையது. இன்னும் உயிரோடு ராவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார்.

கடன் வாங்காததற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த முடிவை இன்றும் அப்படியே எடுப்பேன். ஆனால் "தேவனுக்கு முன்னால் நான் சுதந்திரமாக இருக்கிறேன்" என்று சொன்ன வாயால், அம்மாவின் வெட்கத்தை "உங்க பிரச்சினை" என்றும் சொல்லியிருக்கிறேன். என் சுதந்திரத்துக்கான விலையை அம்மா கொடுத்திருக்கிறார். மனுஷரைப் பிரியப்படுத்த மாட்டேன் என்று எழுதிய அதே பவுல்தான் கொரிந்தியருக்கு, என் பிரயோஜனத்தைத் தேடாமல் அநேகருடைய பிரயோஜனத்தைத் தேடி எல்லாருக்கும் பிரியமாய் நடக்கிறேன் என்றும் எழுதினார். இரண்டும் மோதுகிறது என்று நினைத்து இரண்டாவதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முதலாவதில் அவர் அவர்களிடமிருந்து எதையும் கேட்கவில்லை. இரண்டாவதில் அவர்களுக்குக் கொடுக்கிறார். நான் கேட்பதை நிறுத்தியதோடு கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன்.

ஆகவே ஐயா தமிழ்நெறி, நீங்கள் அஞ்சியது வீண் இல்லை. ஆனாலும் ஊர் சொல்லுக்கு அஞ்சித்தான் நான் நல்லவளாக இருக்க வேண்டும் என்பதை ஒப்ப மாட்டேன். பத்து வருடம் அஞ்சினேன். அந்த நாட்களில் நான் யாரையும் நேசித்ததாக நினைவில்லை. எல்லாரும் எனக்கு மார்க் போடுகிறவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

சனிக்கிழமை தோறும் அம்மாவோடு நான்கைந்து வீடாகப் போகப் போகிறோம். கொஞ்சம் கேக், முறுக்கு, ஒரு கல்யாணப் படம். முதலில் ராவாங்.

பட்டர்வொர்த் தம்பி

நல்ல காரியம் அக்கா. ஆனா நான் இன்னும் ஒத்துக்கல. மன்னிப்பு மாதிரி கேக் கொண்டுபோறது அவங்க ஒப்புதலைத் தேடிப் போறதுதானே? ஒரு வீட்டுல கதவு தொறக்கலன்னா அப்ப தெரியும், நீங்க கொடுக்கப் போனீங்களா, வாங்கப் போனீங்களான்னு.

செந்தூல் எஸ்தர் (அடுத்த திங்கட்கிழமை)

ராவாங் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு என்னைச் சரியாக அடையாளம் தெரியவில்லை, அம்மாவின் குரல்தான் தெரிந்தது.

மூன்றாவது வீடு திறக்கவில்லை தம்பி. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, திரைச்சீலை அசைந்தது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தார். காரில் ஏறியதும் அழுதார். நானும் அழுதேன், எனக்கும் வலித்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதிலா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா நோட்டை எடுத்து, அந்தப் பெயருக்கு எதிரே மற்ற வீடுகளுக்குப் போட்ட அதே அடையாளத்தைப் போட்டார்.

வரும் சனிக்கிழமை கோலசிலாங்கூர் பக்கம்.