காய்ச்சல் சூடு வைரசை அடக்குமா, வளர்க்குமா?

களுவாஞ்சிக்குடி ஆசிரியர்:
பிள்ளைக்கு மேல் சுட்டவுடன் பனடோல் (பரசிட்டமோல்) கொடுப்பதை நாம் மறுபடி யோசிக்க வேண்டும். கலங்களின் வெப்பநிலையை 37 பாகையிலிருந்து 40க்கு உயர்த்தினால் போலியோ வைரசின் பெருக்கம் வெகுவாகக் குறைகிறது என்பதை, 1965இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு ஆய்வாளர் அந்திரே லுவோவ் எப்போதோ காட்டிவிட்டார். தடிமனை உண்டாக்கும் ரைனோ வைரசும் மூக்கின் 33 பாகையில்தான் செழிக்கிறது. வைகாசியில் அம்மனின் சூடு தணியக் குளிர்த்தி பாடும் ஊர் நமது; சூடும் ஒரு மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும்.

அக்கரைப்பற்று ஆய்வுகூடக்காரன்:
சேர், போலியோவுக்குச் சரியானதை எல்லா வைரசுக்கும் நீட்டுகிறீர்கள். சூடேறிய கலத்தில் புரதங்கள் மடிப்புக் குலையும்போது எச்.எஸ்.எப். 1 என்ற காரணி தூண்டப்பட்டு, அவற்றை மீண்டும் சரியாக மடிக்கும் எச்.எஸ்.பி. 70, எச்.எஸ்.பி. 90 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் பெருக்குகிறது. குறுகிய நேரத்தில் ஏராளமான புரதத்தைச் செய்துமுடிக்க வேண்டிய வைரசுக்கும் இதே உதவிதான் தேவை. டெங்கு வைரசு கலத்துக்குள் நுழையவும், தன் ஆர்.என்.ஏ.யைப் பிரதியெடுக்கவும், புதிய துணிக்கைகளைக் கட்டவும் எச்.எஸ்.பி. 70ஐப் பயன்படுத்திக்கொள்கிறது. பறவைக் குடலின் 40 பாகைச் சூட்டில் வளர்ந்து பழகிய பறவைக்காய்ச்சல் வைரசுக்கோ நம் காய்ச்சல் ஒரு பொருட்டே அல்ல. டெங்கு நோயாளியின் இரத்தத்தில் வைரசு மிகுந்திருப்பதும் காய்ச்சல் கொதிக்கும் முதல் நாட்களிலேதான்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர்:
தம்பி, வைரசு மிகுந்ததால் காய்ச்சல் வந்தது. காய்ச்சலால் வைரசு மிகுந்தது என்று அதைத் தலைகீழாக்க முடியாது. எச்.எஸ்.பி. 70 சூடேறாத கலத்திலும் இருப்பதுதான்; அதைப் பெற வைரசுக்குக் காய்ச்சல் தேவையில்லை. இன்புளுவென்சா தொற்றிய கலத்தை 41 பாகையில் வைத்தபோது, மிகுந்து வந்த அதே எச்.எஸ்.பி. 70 வைரசின் மரபுப்பொருள் கலத்தின் கருவை விட்டு வெளியேறுவதைத் தடுத்ததாக ஆய்வு உண்டு. உதவியாள் என்று நீங்கள் சொன்னவரே அங்கே வாசலை மறித்து நிற்கிறார்.

வாழைச்சேனை விவசாயி:
அப்படியானால் வெயிலில் நின்று வெள்ளாமை வெட்டினால் வைரசு அடங்குமா, சேர்?

அக்கரைப்பற்று ஆய்வுகூடக்காரன்:
அடங்காது, அண்ணன். காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப இலக்கை உயர்த்துகிறது. வெயிலில் நிற்கும்போது அந்த இலக்கு மாறுவதில்லை. உட்சூட்டை 37ஐ ஒட்டி வைத்திருக்கத்தான் உடல் வியர்த்துக் கொட்டுகிறது. அதையும் மீறி 40ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) வந்து ஆளையே வீழ்த்திவிடும். ஆசிரியர் காட்டிய இன்புளுவென்சா விடயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுகூடத் தட்டில் 41 பாகையில் நடப்பதை வைத்துப் பிள்ளைக்கு மருந்து மறுக்க முடியாது. பரசிட்டமோல் கொடுப்பது வைரசை அடக்குவதற்காக அல்ல. பிள்ளை நோவு தணிந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காக. டெங்கு என்ற சந்தேகம் இருந்தால் அஸ்பிரினும் இபுபுரோபனும் கூடாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குவதால், சூடு தணிந்துவிட்டதென்று பிள்ளையைப் பார்க்காமல் விடவும் கூடாது.